தீயே பிடித்தாலும்

ஜோதிலட்சுமி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே அவளைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். திட்டட்டும். அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டதில் கால்வாசி கூட அது வராது.

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெண்கள் கல்லூரி. அதன் விடுதிக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் வார்டன். சொந்த ஊர் அல்லிநகரம். புருஷன் இறந்த மறு வருஷம் வேலைக்கு வந்தவள், இந்த வேலையில் இருந்துகொண்டேதான் ஒற்றை மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தாள். விடுதியில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வயிற்று வலியில் சுருண்டு கிடக்கிறவளுக்குத் தன் கையாலேயே சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளிடம் பேச்சு எடுபடாது. துப்பட்டா.

விடுதிக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். அதை ஒட்டி டீக்கடை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் நின்று போகிற இடமும் அதுதான். எந்நேரமும் பத்து ஆண்கள் கையில் கிளாஸோடு நிற்பார்கள். அவர்கள் கண்ணைக் கட்ட யாராலும் முடியாதல்லவா, அதனால் நூற்று நாற்பது பெண்களின் தோளைக் கட்டினார்கள். கட்டடத்து வாசலைத் தாண்டுகிற எவளும் துப்பட்டா இல்லாமல் தாண்டக் கூடாது. நைட்டியாக இருந்தாலும் அதன்மேல் துப்பட்டா.

இதற்கு ஜோதிலட்சுமி வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான். பெண்ணாகப் பிறந்த எல்லோருக்கும் அந்த ஜாடை தெரியும். அம்மா காட்டியிருப்பாள், சித்தி காட்டியிருப்பாள், பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்திகூடக் காட்டியிருப்பாள். பார்த்த மாத்திரத்தில் பெண்கள் குனிந்து திரும்பி மாடிக்கு ஓடுவார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் தீயணைப்பு நிலையத்திலிருந்து சசிதரன் என்கிற அதிகாரி இரண்டு வீரர்களோடு வந்தார். எல்லாக் கல்லூரி விடுதிகளிலும் ஒத்திகை நடத்தச் சொல்லி உத்தரவாம். பெண்களை மெஸ்ஸில் உட்கார வைத்துப் பேசினார்.

“மணி அடிச்சா எதையும் எடுக்கக் கூடாது. செல்லு, பர்ஸு, செருப்பு எதுவும் வேணாம். எந்தக் கோலத்துல இருக்கீகளோ அந்தக் கோலத்துல எறங்கி வாங்க. புகை இருந்துச்சுன்னா ஈரத்துணிய மூக்குல கட்டிட்டு, குனிஞ்சு வாங்க. போன சாமானை வாங்கிக்கலாம். உசுர வாங்க முடியாது.”

பிறகு மணி அடித்தார்கள். முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் பெண்கள் எல்லோரும் தலை வாரி, பூ வைத்து, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, வரிசையாக இறங்கி வந்தார்கள். கல்லூரிச் செயலர் வேல்பாண்டி கை தட்டினார். போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சசிதரன் ஜோதிலட்சுமியைத் தனியே கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீகம்மா. இது ஒத்திகை இல்ல, ஊர்வலம். ஒரு நாளைக்கு யாருக்கும் சொல்லாம நீங்களே மணிய அடிச்சுப் பாருங்க. அப்பறம், அந்த மாடிப்படிக்கு அடியில கெடக்குற பழைய மெத்தையெல்லாம் எடுத்துருங்க. பக்கத்துலயே இன்வெர்ட்டர் இருக்கு.”

“எடுத்துர்றேன் சார்” என்றாள். எடுக்கவில்லை. மெத்தையை வைக்க வேறு இடம் இல்லை, வெளியே போட்டால் சாரலில் நனையும். ஆனால் மணியை மட்டும் அடித்துப் பார்த்தாள். சொன்னதைச் செய்கிறவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. திடீரென்று மணி அலறியதும் பெண்கள் விழுந்தடித்து இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் வாசலைத் தாண்டியது பெனிஷா. இரண்டாம் வருஷம் படிக்கிறவள், ராயப்பன்பட்டிக்காரி, அப்பா பீட்டர்ராஜுக்குத் திராட்சைத் தோட்டம். முக்கால் பேண்ட், பனியன், ஈரத் தலை, காதோரம் சோப்பு நுரைகூடக் காயவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒரே மூச்சில் ஓடி வந்து கேட்டுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நைட்டியோடு, பாவாடையை மேலே கட்டியபடி, ஒரு காலில் மட்டும் செருப்போடு மற்றவர்கள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. சசிதரன் பார்த்திருந்தால் மாலை போட்டிருப்பார்.

பார்த்தது டீக்கடை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். இன்னொருத்தன் செல்லைத் தூக்கிப் பிடித்தான். ஒரு மணி நேரத்தில் வேல்பாண்டியிடமிருந்து போன் வந்துவிட்டது.

“என்னம்மா நடத்துறீக, ஹாஸ்டலா, திருவிழாவா? நம்ம பிள்ளைக நின்ன கோலம் கம்பம் முச்சூடும் வாட்ஸப்ல சுத்துது. பெத்தவுக கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?”

ஜோதிலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. படம் பிடித்தவனைப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் பெண்களை மெஸ்ஸுக்கு வரச் சொன்னாள். பெனிஷாவை மட்டும் எழுப்பி முன்னால் நிறுத்தினாள்.

“எல்லாருக்கும் முந்தி ஓடியாரத் தெரியுதுல்ல, மேல ஒண்ணப் போட்டுக்கிட்டு வரத் தெரியாதா? உங்க அம்மா கோயிலுக்கு முக்காடு போடாமப் போவாகளா? அவுக வயித்துலதான பெறந்த நீ?”

“மேம், அந்த சார்தான் அப்படியே வரச் சொன்னாரு” என்றாள் பெனிஷா. எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“அவரு ஆம்பள, சொல்லிட்டுப் போயிருவாரு. பேரு கெட்டா யாரு பேரு கெடும்?” ஜோதிலட்சுமியின் குரல் மெஸ் முழுக்க எதிரொலித்தது. “எல்லாரும் கேட்டுக்கங்க. எது நடந்தாலும் சரி, தீயே புடிச்சாலும் சரி, துப்பட்டா இல்லாம ஒருத்தி வாசலத் தாண்டுனான்னா மறுநாளே அவ அப்பன வரச் சொல்லி அனுப்பி விட்ருவேன்.”

பெனிஷாவை மெஸ் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தாள். சாப்பிடப் போகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். சமையல்காரப் பிச்சையம்மாள் மட்டும், “போதும்மா, பிள்ள நிக்கிறதப் பாக்க சகிக்கல” என்று வந்து சொன்னாள். “உன் அடுப்பப் பாரு” என்று வாயை அடைத்தாள் ஜோதிலட்சுமி.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம்.

ஆடி பிறந்துவிட்டது. கம்பம் பக்கம் ஆடி மாதக் காற்றுக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது, கொடியில் போட்ட துணியை அடுத்த தோட்டத்தில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழே முக்கால் மணி. பிச்சையம்மாள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண்கள் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை, மீதிப் பேர் துணி துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“யம்மா, என்னமோ கருகுதே. என் அடுப்பு இல்ல” என்றபடி பிச்சையம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

மாடிப்படிக்கு அடியிலிருந்து புகை வந்தது. இன்வெர்ட்டர். ஜோதிலட்சுமி ஓடிப்போய் மணியை அடித்தாள். அடித்துவிட்டு வாசலுக்கு வந்து, காவலாளி கோட்டைச்சாமியிடம் கேட்டைத் திறக்கச் சொல்லி, தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னாள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்பக் கட்டடத்து வாசலில் வந்து நின்றாள்.

அப்போது புகை முழங்கால் மட்டத்துக்குத்தான் இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, தடதடவென்று படியில் சத்தம். பெனிஷா. அதே பனியன், அதே முக்கால் பேண்ட். கடைசிப் படியில் இறங்கி, வாசலில் நிற்கிற வார்டனைப் பார்த்தாள்.

ஜோதிலட்சுமியும் அவளைப் பார்த்தாள். பார்த்தவள், வா என்று கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளுடைய வலது கை, பதினோரு வருஷமாகப் பழகின கை, தானாக எழுந்து நெஞ்சுக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டியது.

பெனிஷா திரும்பி மாடிக்கு ஓடினாள்.

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் “ஏய், வேணாம், வா” என்று கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடட்டும், அரை நிமிஷம்தானே என்று அவள் மனசு கணக்குப் போட்டது. ஆம், அந்த நேரத்திலும் போட்டது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

மற்ற பெண்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் துப்பட்டா போட்டிருந்தார்கள். சிலர் பின்கூடக் குத்தியிருந்தார்கள். புகை இடுப்புக்கு ஏறியிருக்கிறது, மேலே நின்று பின் குத்தியிருக்கிறார்கள். “ஓடுங்க, ஓடுங்க” என்று ஜோதிலட்சுமி அப்போதுதான் கத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெனிஷா இல்லை.

அந்த நேரம் பார்த்து மெத்தைகளில் தீ பிடித்தது. பழைய ஸ்பாஞ்ச், இருபது மெத்தை. கரேலென்று புகை குபுகுபுவென மாடிப்படி வழியாக மேலே ஏறியது, வாசலில் அடித்த காற்று அதை இன்னும் மேலே தள்ளியது. கடைசியாக வந்த நாலு பேர் இருமிக்கொண்டு விழுந்து எழுந்து வந்தார்கள். எண்ணினாள். நூற்று முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினாள். எண்ணாமலே அவளுக்குத் தெரியும்.

உள்ளே போகப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தாள். கண்ணும் தொண்டையும் எரிந்தது, திரும்பி வந்துவிட்டாள். யாரும் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தீயணைப்பு வண்டி வந்து, சசிதரன்தான் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்து கிடந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மண்ணில் கிடத்தினார். மூச்சு இருந்தது. முகம் கரி. ரோஸ் நிறத்துத் துப்பட்டா இரண்டு தோளிலும் ஒழுங்காகக் கிடந்தது. சொட்டச் சொட்ட ஈரம். அன்று காலை துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டிருந்ததை ஓடிப்போய் எடுத்து, போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

“என்னம்மா இது” என்றார் சசிதரன், மூச்சு வாங்கியபடி. அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. “கையில ஈரத்துணி இருக்கு. மூக்குல கட்டியிருந்தா எறங்கி வந்திருக்குமே. இத எதுக்குத் தோள்ல போட்டுருக்கு?”



திங்கட்கிழமை செயலர் அறையில் கூட்டம். பெனிஷா தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நுரையீரலில் புகை இறங்கிவிட்டது, தொண்டை வெந்துபோயிருந்தது. ஒரு மாதத்துக்குப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேல்பாண்டி மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ள எறங்கி வந்துட்டுத் திரும்பப் போனதக் கோட்டைச்சாமி பாத்திருக்கான். எதுக்குப் போனா?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார்.

“செல்லு எடுக்கத்தான் போயிருப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைக வேற எதுக்குப் போகும்? உசுர விட்டாலும் விடுவாகளே ஒழிய செல்ல விட மாட்டாக.” பிறகு ஜோதிலட்சுமி பக்கம் திரும்பினார். “அப்படித்தானம்மா?”

இல்லை சார் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வேலை போய்விடும், போலீஸ் வரும், மகளின் மாமியார் வீட்டில் பேப்பரைப் படிப்பார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் மனசுக்குள் வந்து நின்றது. தலையை ஆட்டினாள். ஆட்டினதோடு விடவில்லை, அவர் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்ன அறிக்கையில் கையெழுத்தும் போட்டாள். ‘விதிமுறைகளை மீறி, கைப்பேசியை எடுக்க மீண்டும் மாடிக்குச் சென்றதால்’ என்று அதில் இருந்தது. மறுநாள் பேப்பரிலும் அப்படியே வந்தது. டீக்கடையில் அதை உரக்கப் படித்து, செல்லுப் பைத்தியம் என்று சிரித்ததைக் கேட்டுக்கொண்டேதான் அவள் பால் வாங்கினாள்.

வியாழக்கிழமை வேல்பாண்டி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு பையில் ஆப்பிள், ஒரு உறையில் கடிதம். மகளின் கவனக்குறைவால்தான் நடந்தது, கல்லூரி நிர்வாகம் பொறுப்பில்லை என்று பீட்டர்ராஜிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

“நீங்க போனாத்தான் போடுவாக. உங்க மேல அவுகளுக்கு மரியாதை” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்குக் காது சுட்டது.

தேனி பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ஆனால் சின்னமனூர் எப்போது வந்தது, வீரபாண்டி எப்போது போனது என்று கேட்டால் தெரியாது. மடியில் உறை இருந்தது. கடித்த நாக்கைத் திரும்பத் திரும்பக் கடிப்பதுபோல அந்த இரண்டு தட்டுதான் திரும்பத் திரும்ப வந்தது.

ஆஸ்பத்திரியில் தனி அறை. கட்டிலில் பெனிஷா சாய்ந்து படுத்திருந்தாள், மூக்கில் குழாய். அம்மா செபஸ்தியம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஜோதிலட்சுமியைப் பார்த்ததும் பீட்டர்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். தோட்டத்து வெயிலில் கறுத்த ஆள், ஆறடி உயரம், அந்த மனுஷன் கையைக் கூப்பிக்கொண்டு கூனி நின்றார்.

“உக்காருங்க டீச்சர். எங்களத் தேடி நீங்க வரணுமா? நான்ல உங்க காலேஜுக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும்.”

“அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீக” என்றாள் ஜோதிலட்சுமி.

“வேற எப்படிச் சொல்ல? மத்த பிள்ளைக அத்தனையும் ஒழுங்கா எறங்கி வந்திருக்கு, நான் பெத்தது மட்டும் செல்லுக்காக மேல ஓடியிருக்கு. ஊருக்குள்ள தலகாட்ட முடியல டீச்சர். பூசை முடிஞ்சு வெளிய வந்தா, உம் மகதானா அந்தச் செல்லுப் பிள்ளங்கிறாக. அந்தச் சனியன நாந்தான் வாங்கிக் குடுத்தேன். உடைச்சுத் தூரப் போட்டாச்சு.” மகள் பக்கம் பார்க்காமலே பேசினார். “இனி இவளுக்குப் படிப்பு வேணாம். ஒரு நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்குடுத்துட்டா என் கடமை முடிஞ்சது.”

“அவட்டக் கேட்டா தலைய ஆட்டுறா” என்றாள் செபஸ்தியம்மாள். “ஆமாங்கிறாளா இல்லங்கிறாளான்னு வெளங்கல. கண்ணுல மட்டும் தண்ணி வருது.”

ஜோதிலட்சுமி உறையை எடுத்தாள். பீட்டர்ராஜ் வாங்கி, படிக்காமலே பிரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

“எங்கன போடணும்?”

அப்போது கட்டிலில் துணி சரசரத்தது. ஜோதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நைட்டியில் படுத்திருந்த பெனிஷா, குழாய் குத்தின கையால் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தாள். சிரமப்பட்டு இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டு, சரியா என்று கேட்பதுபோல வார்டன் முகத்தைப் பார்த்தாள்.

ஜோதிலட்சுமிக்கு அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் தான் வளர்த்து விட்டது இதுதானா என்று இருந்தது. படுக்கையில் மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை, தன்னைக் கண்டதும் முதலில் நெஞ்சை மூடுகிறது. வேலையும் போலீசும் மகளின் மாமியாரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. வெட்கம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

“கையெழுத்துப் போடாதீக” என்றாள்.

பீட்டர்ராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க மக செல்லு எடுக்கப் போகல. துப்பட்டா எடுக்கப் போனா. நாந்தான் போகச் சொன்னேன்.” ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஒத்திகையில் முதலில் ஓடி வந்ததற்காக மெஸ்ஸில் நிற்க வைத்தது, எல்லோர் முன்னாலும் பேசின பேச்சு, செபஸ்தியம்மாளின் முக்காட்டைப் பேச்சில் இழுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். “தீப்புடிச்ச அன்னைக்கும் அவதான் மொதல்ல எறங்கி வந்து கடேசிப் படியில நின்னா. நான் வாசல்ல நின்னேன். இப்படிக் காட்டினேன்.” நெஞ்சில் கையை வைத்துக் காட்டிவிட்டு, சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள். “பொய்யின்னு தெரிஞ்சே அறிக்கையில கையெழுத்தும் போட்டேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.”

ஜோதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், திட்டுவார்கள் என்ற ஒரு நிம்மதியாவது உண்டல்லவா. அதுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

பீட்டர்ராஜ் பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கினாற்போல அவர் முகம் தெளிந்திருந்தது.

“செல்லுக்காகப் போகலியா? அப்பாடா” என்றார். “மானத்துக்காகத்தான போயிருக்கா. இதுல நீங்க என்ன டீச்சர் தப்புப் பண்ணிட்டீக? வயசுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதத்தான சொல்லியிருக்கீக. வெளிய அத்தன ஆம்பளைக நிக்கிறான். எவ வீட்டுல கேட்டாலும் அதத்தான் சொல்லுவாக. இப்படி ஒரு வார்டன் இருக்குறதாலதான நம்பி அனுப்பினோம். நீங்க எதுக்குக் கண் கலங்குறீக?”

அவர் மனசாரச் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னதாக இருந்திருந்தால் பரவாயில்லை. தான் செய்ததை இன்னொருவர் வாயால் சரியென்று கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று ஜோதிலட்சுமிக்கு முழுசாகப் புரிந்தது. செபஸ்தியம்மாள் ஜெபமாலை உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

“அப்பா.”

யார் பேசினதென்று முதலில் விளங்கவில்லை. தகரத்தில் ஆணி இழுத்ததுபோல ஒரு குரல். பெனிஷா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“பேசாத ஆத்தா, டாக்டர் பேசக் கூடாதுன்னாக” என்று செபஸ்தியம்மாள் ஓடி வந்தாள்.

பெனிஷா அம்மாவின் கையை விலக்கினாள். “அப்பா, நான் செத்திருப்பேன்ப்பா” என்றாள்.

பீட்டர்ராஜ் மகளைப் பார்த்தார். இந்த ஐந்து நாளில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். கரி போகாத நகம், வீங்கின உதடு, மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. பிறகு மெதுவாக ஜோதிலட்சுமி பக்கம் திரும்பினார்.

“கடேசிப் படியில நின்னான்னீகளே. வாசலுக்கு அங்கன இருந்து எம்புட்டுத் தூரம்?”

ஜோதிலட்சுமி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பொய் சொல்ல இடமே இல்லை.

“இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கதவுக்கும் உள்ள தூரம்” என்றாள்.

பீட்டர்ராஜ் கட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். மறுபடியும் கட்டிலைப் பார்த்தார். தடாலென்று நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. செபஸ்தியம்மாள் புருஷனிடம் போகவில்லை, மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோதிலட்சுமியை அவள் பார்த்த பார்வைக்கு, பத்து அடி கொடுத்திருந்தால் தேவலை.

“தூரத்த என்ன கேக்குறது” என்றாள் செபஸ்தியம்மாள். அதுவரை தாழ்ந்திருந்த குரல் இப்போது உயர்ந்தது. “நீங்க ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்தவுகதான?”

“ஆமா.”

“அவ வந்து நின்னாலும் இப்படித்தான் காட்டியிருப்பீகளா?”

ஜோதிலட்சுமி யோசித்துப் பார்த்தாள். பதில் தெரிந்தது. தன் மகளாக இருந்தாலும் அந்தக் கை எழுந்திருக்கும். “காட்டியிருப்பேன்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பீட்டர்ராஜ் துண்டை எடுத்தார். மேஜையில் கிடந்த கடிதத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவை அவள் பக்கமாகத் தள்ளினார்.

“இதுல எழுதுங்க டீச்சர். இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க. நான் எங்க கோயில் பங்குச் சாமியார்ட்டக் காட்டணும், பேப்பர்க்காரன்ட்டக் காட்டணும், உங்க செயலர்ட்டயும் காட்டணும்.”

ஜோதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதினாள். பேர், ஊர், வேலை. மெத்தையை எடுக்காமல் விட்டது. மணி அடித்தது. எதையும் மழுப்பவில்லை, எதற்கும் காரணம் சொல்லவில்லை. முடித்துவிட்டு, கையெழுத்துப் போடப் போனபோது பெனிஷா கையை நீட்டினாள். கடிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்கன ஒண்ணு விட்டுப்போச்சு மேம்” என்றாள் அந்தக் கரகரத்த குரலில். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. “ரெண்டு தடவையும் நாந்தான் மொதல்ல வந்தேன். அத எழுதுங்க.”

ஜோதிலட்சுமி பேனாவை எடுத்து, அந்த வரிக்கு மேலே இடம் பார்த்து, அதை எழுதினாள்.